‘ல’ போட்ட வழி

ஓட்டுநர் பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் இவர் மிதித்து நிறுத்திவிடலாம். அக்காவின் வலது கால் அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிப்பாள். டிவியில் யாராவது கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினால் இவள் சோபாவில் உட்கார்ந்தபடி காலை அழுத்துவாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு அவர்களாகப் பார்த்து வைத்த பெயர் பிரேக்கக்கா. அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமைதான், வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை.

கணவன் சாலை விபத்தில் போனபோது மகள் கைக்குழந்தை. ஒழுங்காக ஓட்டத் தெரியாத எவனோ ஒருவன் இடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஆத்திரத்தில்தான் அக்கா இந்தத் தொழிலுக்கே வந்தாள். ஒழுங்காக ஓட்டுகிறவர்களை நாமே உருவாக்கிவிட்டால் போகிறது என்று ஒரு வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதற்குள்ளேயே ஒரு கோணல் இருந்தது. பாப்பாவை, அதாவது மகளை (வயது இருபதைத் தாண்டியும் அவள் பாப்பாதான்), ஸ்டியரிங் பக்கமே அண்டவிடமாட்டாள்.

“ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் ஸ்டியரிங்கைத் தூக்கிக் குடுக்கிற. பெத்த பொண்ணுக்கு மட்டும் சீட் பெல்ட்டா?” என்று பாப்பா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஆமா, அப்படித்தான். உங்கப்பாவை ரோட்டுல இருந்து அள்ளிக்கிட்டு வந்தவ நான். நீ இல்ல.”

“அப்ப நான் இந்த வீட்ல எதுக்கு இருக்கேன்? ஷோகேஸ் பொம்மையா?”

“பிடிக்கலைன்னா கிளம்பு. கதவு திறந்துதான் இருக்கு.”

ஒரு பேச்சுக்குச் சொன்னது. எந்த அம்மா சொல்லாதது? ஆனால் தாயைப் போலவே பிள்ளைக்கும் ரோஷம் மூக்கு நுனியில். கிளம்பிவிட்டாள். ஊரின் மறுகோடியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை, பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதி. அக்கா ஒரு தடவை அந்த மருத்துவமனைக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பச்சை மேல்சட்டையோடு பாப்பா யாருக்கோ கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிப் போயிருக்கலாம். இறங்கவில்லை. அவளே வரட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை மனது கேட்காமல் போனபோது, அந்தப் பெண் வேலையையும் விடுதியையும் விட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள்: “இனிமே அவ பேச்சை எடுத்தேன்னா நீயும் இந்தப் பக்கம் வராத.”

இப்படிச் சொன்னவள் அடுத்த வாரமே பயிற்சிப் பள்ளியின் பெயரை மாற்றினாள். அதுவரை கணவன் பெயரில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டு ‘வழி’ என்று புதுப்பலகை மாட்டினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், “ரோட்டுத் தொழிலுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?” என்றாள். நெஞ்சில் இருந்தது வேறு. பாப்பா என்றைக்காவது திரும்பி வர நினைத்தால் அவளுக்கு வழி இருக்கிறது என்று பலகையே சொல்லட்டும் என்றுதான் வைத்தாள். வாயால் சொல்ல வராததை ஆணி அடித்து மாட்டினாள், அவ்வளவுதான்.

பலகையோடு நிற்கவில்லை. பாப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் போன்தான், இன்டர்நெட்தான். அதனால் வழியை அங்கேயும் போட்டாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, பேனர், வெப்சைட் எல்லாம் செய்கிற அச்சுக் கடைக்காரரிடம் போனாள். அவர் பெயரைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் வி, ஏ, இசட், எச், ஐ.

“அக்கா, ழ-வுக்கு இசட் எச்னு நமக்குத் தெரியும். பாதிப் பேர் வாய்ல ழ வராது. எல் போட்டுத்தான் தேடுவாங்க. எல் போட்ட பேரையும் சேர்த்து நாமளே வாங்கிப் போட்டுரலாமா?”

“எல் போட்டா என்ன வரும்?”

“வலின்னு வரும்.”

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. “வலிங்கிற பேரை நான் காசு குடுத்து வாங்கணுமா? பட்டதெல்லாம் போதாதா? வாயைக் கழுவுங்க.”

அவர் கழுவிக்கொண்டார். அடுத்து இன்னொன்று கேட்டார். “பதிவுல உங்க பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் போகும். யார் வேணும்னாலும் பார்க்கலாம். மறைச்சு வைக்கிற வசதியும் இருக்கு. தனிக் கட்டணம்.”

“நான் என்ன திருடியா, மறைஞ்சுக்க? தெரியட்டும். தேடுறவங்களுக்குத் தெரியணும்தானே இதெல்லாம்?”

தெரிந்தது. உலகத்துக்கே தெரிந்தது. முதலில் கடன் வேண்டுமா, வெப்சைட்டை அழகாக்கித் தரட்டுமா என்று போன்கள். போகட்டும் என்று விட்டாள். பிறகு, பெயரைப் பார்த்தே பெண் என்று புரிந்துகொண்ட தறுதலைகள் அழைக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் வீட்டு வாசலுக்கே வந்து, “நீங்கதானா அது?” என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவனை ஓட ஓட விரட்டினாள் என்பது உண்மைதான். ஆனால் கதவைச் சாத்திவிட்டு தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள் என்பதும் உண்மை. தனியாக இருக்கிற பொம்பளை. நம்பரை மாற்றினாள், வீட்டையும் மாற்றினாள். வீட்டோடு இருந்த ஆபீஸையும் டயர் கடைக்கு மேலே ஒரு அறைக்குக் கொண்டுபோனாள். பதிவு விவரத்தை மறைக்கவும் காசு கட்டினாள், எல்லாம் நடந்து முடிந்த பிறகு. ‘பாப்பா பழைய நம்பருக்குக் கூப்பிட்டா கிடைக்காதே’ என்று ஒரு உறுத்தல். ‘வெப்சைட்ல புது நம்பர் இருக்கே, பார்த்துக்குவா’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆக, மகள் அம்மாவிடம் வந்து சேர மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு வழி.

ஒரு திங்கள்கிழமை காலை வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாடிப்படி அதிர ஏறி வந்தாள். “என்னங்க, ஏமாத்துறீங்களா? பணம் கட்டி, நாள் குறிச்சு, தெருமுனையில காத்து நின்னேன். வண்டியும் வரல, போனும் எடுக்கல.”

“எங்கிட்ட நீங்க பதிவே பண்ணலையேம்மா.”

“இதோ பாருங்க.” அவள் போனைக் காட்டினாள். அக்காவின் வண்டி. அக்காவின் பலகை. அக்கா முதன்முதலாகப் பயிற்சி முடித்த பெண்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிற அதே படம். எல்லாம் அச்சு அசல். பெயரில் மட்டும் இசட் எச் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எல். பணம் கட்டினால், ‘உங்கள் பதிவு உறுதி. குறித்த நேரத்தில் வாகனம் வந்து அழைத்துச் செல்லும்’ என்று தானாகவே ஒரு செய்தி போகிறது. அப்புறம் ஒன்றும் இல்லை, வெறும் மௌனம்.

அச்சுக் கடைக்காரர் தலையில் கை வைத்தார். “அன்னைக்கே சொன்னேன்க்கா” என்று அவர் சொல்லவில்லை, பாவம், நல்ல மனுஷன். முகம் சொன்னது.

காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் ஓர் அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். எல் போட்ட பெயரை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று தேடினால், ‘விவரம் மறைக்கப்பட்டுள்ளது’. அவ்வளவுதான். எந்த நாடு, எந்த ஊர், ஆணா, பெண்ணா, ஒன்றும் இல்லை. யோக்கியமாகத் தொழில் செய்கிறவளின் வீட்டுக் கதவு எண் வரை பொறுக்கிகளுக்கெல்லாம் தெரிந்தது. ஊரை அடித்து உலையில் போடுகிறவன் மட்டும் போர்வைக்குள் சுகமாகப் படுத்திருக்கிறான்! இதற்கு என்ன நியாயம் என்று அக்கா கேட்டாள். “விதி அப்படிம்மா” என்றார் அதிகாரி. எந்த விதி என்று அக்கா கேட்கவில்லை.

பிறகு அந்தப் போர்வைக்காரனே ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். பெயர் வேண்டுமென்றால் விலைக்குத் தருகிறானாம். அவன் சொன்ன விலைக்கு இன்னொரு வண்டி வாங்கலாம். அக்கா போட்ட பதிலை இங்கே எழுத முடியாது. கடைக்காரரும் அவளும் சேர்ந்து, இப்படிப்பட்ட பெயர்த் தகராறுகளை விசாரிக்கிற அமைப்புக்குப் புகார் அனுப்பினார்கள். பள்ளி உரிமம், பலகையின் படம், பழைய ரசீதுகள் எல்லாம் சேர்த்து. அதற்கு அந்த மகாபாவி கொடுத்த விளக்கம் என்ன தெரியுமா? வலி என்பது எல்லாருக்கும் பொதுவான தமிழ்ச் சொல், வலி நிவாரணத் தைலம் விற்பதற்காகத்தான் அந்தப் பெயரை வாங்கி வைத்திருக்கிறானாம்! கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. படங்களைத் திருடியதை மட்டும் அவனால் தைலம் பூசி மறைக்க முடியவில்லை. கடைசியில் தீர்ப்பு அக்காவின் பக்கம் வந்தது. காசு கொடுத்து வாங்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன வலி, இத்தனை பாடுபட்டு அவள் பெயருக்கே வந்து சேர்ந்தது.

அக்கா அத்தோடு விடவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள்: ‘வழி வேறு, வலி வேறு. ல போட்டு ஏமாந்தவர்கள் ரசீதுடன் நேரில் வரவும். கட்டணமின்றிக் கற்றுத்தரப்படும்.’

தங்கை ஓடி வந்தாள். “உனக்கென்ன கிறுக்கா? திருடினவன் எவனோ, தெண்டம் அழுறது நீயா?”

“என் போட்டோவைப் பார்த்து நம்பித்தானேடி காசு கட்டினாங்க?”

ஏமாந்தவர்கள் வந்தார்கள். ஆபீசில் பெஞ்சு போதவில்லை. அக்கா குனிந்து ஒவ்வொரு ரசீதாகப் பார்த்து நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அடுத்து வாங்கம்மா, உட்காருங்க” என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பாப்பா!”

கொஞ்சம் மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

“நல்லா இருக்கீங்களா?” என்றாள் பாப்பா.

அக்காவுக்கு ஏதோ இடறியது. பாப்பா அவளை ஒருநாளும் ‘நீங்க’ என்று சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து ‘நீ’தான், ‘வாம்மா, போம்மா’தான். நாலு பேர் இருக்கிற இடம், அதனால் மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். “எல்லாரும் கோவிச்சுக்காம நாளைக்கு வாங்கம்மா” என்று மற்றவர்களை அவசர அவசரமாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“உட்காருடி. ஏன் நிக்கிற? சாப்டியா?”

“சாப்பிட்டேன்.” பாப்பா உட்கார்ந்து போனை மேஜைமேல் வைத்தாள். “நானும் ஏமாந்தவதான். ரசீது இருக்கு.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

“சித்தியை ஒருநாள் மார்க்கெட்ல பார்த்தேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். ‘பள்ளிக்கூடத்துக்கு வலின்னு புதுப் பேர் வச்சு ஜோரா நடத்துறா, இன்டர்நெட்லகூட வருது’ன்னாங்க. நான் கேட்டதைச் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். சித்தி சொன்ன மாதிரியே அடிச்சேன். வந்துச்சு.”

தங்கையின் வாயில் ழ என்றைக்கு வந்தது? அவளுக்கு வாழைப்பழமே வாளப்பளம்தான். சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டாள், அக்காவின் தடையையும் காப்பாற்றிவிட்டாள், நல்ல பிள்ளை!

“வலின்னு பேரைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் போனதுக்காகத்தான் அப்படிப் பேர் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். அவ்வளவு வலிக்க வச்சுட்டேனேன்னு விடுதியில உட்கார்ந்து அழுதேன். அதனாலதான் பதிவே பண்ணினேன். என் பேரைப் பார்த்ததும் தெரிஞ்சிரும், வண்டியோட வந்து நிப்பீங்க, ஒண்ணும் பேசாம ஸ்டியரிங்ல உட்கார்ந்துக்கலாம்னு. உடனே ‘உறுதி’ன்னு செய்தி வந்துச்சு. வரேன்னு சொல்லிட்டீங்கன்னே நினைச்சேன்.”

“ஐயோ, பாப்பா…”

“செருப்பு போட்டு வண்டி ஓட்டக் கூடாது, ஷூ போட்டுட்டு வரணும்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே. புதுசா வாங்கிப் போட்டுக்கிட்டு மருந்துக் கடை முனையில நின்னேன். மழை வந்துச்சு. ஓரமா ஒதுங்கினா கண்ணுல படாம போயிடுவேனோன்னு நகரவே இல்ல. மருந்துக் கடைக்காரர் குடை குடுத்தார். இருட்டுற வரைக்கும் நின்னேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “வலி இல்லடி. வழி. நீ வர்றதுக்கு வழின்னு வச்சேன்டி. எனக்குத் தெரிஞ்சிருந்தா வராம இருப்பேனா? பறந்து வந்திருக்கமாட்டேனா?”

“தெரியும். விளம்பரத்தைப் படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு.” பாப்பாவின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் அவள் எழுந்து வரவில்லை. “படிச்சதும் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். அழுகை வரும், ஓடி வந்து கட்டிக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு. ஒண்ணும் வரல. ஒன்றரை வருஷமாச்சும்மா. என் பேரைப் பார்த்தும் வராம இருந்திருக்காங்களே, இவங்களுக்கு நான் வேண்டாம், வலிதான் வேணும்போலன்னு தினமும் நினைச்சேன். நீங்க செய்யல, சரி. ஆனா நான் வெறுத்தது நிஜமாவே வெறுத்துட்டேன். அதை இப்ப எங்க கொண்டுபோய்ப் போடுறது?”

புகார் கொடுத்துப் பெயரை மீட்டுவிடலாம். இதற்கு எந்த அமைப்பிடம் போவது?

“வண்டி பழகணும்னா… நாளைக்கே…” என்றாள் தட்டுத்தடுமாறி.

“பழகிட்டேன். வேற இடத்துல. லைசென்ஸ்கூட வாங்கிட்டேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஒரு பெரியவர். நல்லா சொல்லிக் குடுத்தார்.”

“கிளட்ச்சை ஒரேயடியா விடக் கூடாதுன்னு சொன்னாரா?”

“சொன்னார்.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. வந்தவர்கள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

“ஏன்டி என்னை நீங்க, நீங்கன்னே பேசுற? யாரும் இல்லையே. நீன்னு சொல்லேன். ஒரே ஒரு தடவை.”

பாப்பா வாயைத் திறந்தாள். அவள் முயற்சி செய்தாள், அதை அக்கா கண்ணால் பார்த்தாள். உதடு அசைந்தது, மூடிக்கொண்டது.

“வரலம்மா. மனசுக்குள்ளயே உங்களை யாரோ மாதிரி பேசிப் பேசிப் பழகிருச்சு.”

பிறகு என்ன நினைத்தாளோ, போனை எடுத்துத் தேடி, பதிவு செய்தபோது படமெடுத்து வைத்திருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்ற கட்டத்தில் பாப்பா ஒரு வரி எழுதியிருந்தாள்.

‘அம்மா, நான்தான். வருவியா?’

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கடைசியாகச் சொன்ன ‘நீ’ அது. பெயர் தெரியாத, முகம் தெரியாத எவனுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. அவன் அதைப் படித்திருக்கக்கூட மாட்டான். பணம் வந்ததா என்று மட்டும் பார்த்திருப்பான்.

பாப்பா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அக்காவின் புது நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதவருகே நின்று திரும்பி, “நேரமாச்சு, கிளம்புறேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க, உடம்பைப் பார்த்துக்கங்க. இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பார்க்கிறேன்” என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். அவளிடம் வண்டி பழகி முடித்துப் போகிற பெண்கள் எல்லாரும் கடைசி நாளில் அவளிடம் இதைத்தான் சொல்வார்கள், இதே மரியாதையோடு.